60 ஆயிரம் ரூபாயில் கேமிங் கம்ப்யூட்டர்: கொட்டேஷனில் விலைக்கு முன் பார்க்க வேண்டிய வரிகள்

கேம் பைத்தியம் பிடித்த பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்கும் அந்த வாட்ஸ்அப் கொட்டேஷனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 'ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ், ஆர்ஜிபி கேபினெட், மொத்தம் 22,000 ரூபாய்.' மகன் கண்ணில் படுவது ஐ7. அப்பா கண்ணில் படுவது 22,000. "ஐ3, ஐ5 எல்லாம் இல்லப்பா, ஐ7-ஏ தர்றாங்க" என்று மகனும், "60 ஆயிரம் கேட்டியே, பாதிகூட ஆகலையே" என்று அப்பாவும் அன்றைக்கே சமாதானமாகிவிடுவார்கள். சீட்டு எடுத்து வைத்த பணம் கரைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொட்டேஷனில் உள்ள எதுவும் பொய்யாக இருக்காது. ஐ7 என்றால் ஐ7-தான் தருவார்கள். எந்த வருடத்து ஐ7 என்று மட்டும் எழுத மாட்டார்கள். இந்த விலைக்குப் பெரும்பாலும் வருவது ஐ7-2600 அல்லது அதன் அடுத்த தலைமுறை. ஐ7-2600 சந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில். நான்கு கோர், எட்டு த்ரெட். 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100எஃப் பிராசஸரிலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால், ஒரு கோருக்கு ஒரு கோர் ஒப்பிட்டால் புது ஐ3 ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். 7 பெரிதா 3 பெரிதா என்று பார்ப்பதைவிட, அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

பழசாக இருந்தால் என்ன, ஓடினால் போதாதா என்று கேட்கலாம். ஓடாது என்பதுதான் சிக்கல். விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. சரி, குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாம் என்றால், பிள்ளைகள் அதிகம் விளையாடும் வேலரன்ட், விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் இருந்தால்தான் திறக்கும். 2011-ம் வருடத்து போர்டில் அதற்கு வழியில்லை.

அடுத்து அந்த '4 ஜிபி கிராபிக்ஸ்'. இது பெரும்பாலும் ஜிடி 730 என்ற கார்டு, 2014-ல் வந்தது. 4 ஜிபி என்பது அதன் நினைவகத்தின் அளவே தவிர வேகம் அல்ல. குடோன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் வாசல் இருந்தால் சரக்கு எப்படி வெளியே வரும்? அந்தக் கதைதான்.

எனவே 22,000 ரூபாய் கொட்டேஷனை ஓரம் வைத்துவிட்டு 60,000 ரூபாய்க்கு வருவோம். இது மானிட்டர், கீபோர்டு, மவுஸ் சேர்க்காத பெட்டிக்கான கணக்கு. வீட்டில் பழைய மானிட்டரோ, ஹெச்டிஎம்ஐ உள்ள டிவியோ இருந்தால் முதல் ஆறு மாதங்களுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். டிவியில் 'கேம் மோடு' இருந்தால் அதைப் போட மறக்கக் கூடாது. இல்லையென்றால் மவுஸை அசைத்து அரை நொடி கழித்து அம்பு நகர்வது போல இருக்கும்.

என்ன விளையாடப் போகிறாய்?

கடைக்குப் போகும் முன் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி இது. பதிலைப் பொறுத்து 20,000 ரூபாய்கூட மிச்சமாகலாம்.

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, கொஞ்சம் மைன்கிராஃப்ட் என்று மகன் சொன்னால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே தொடங்கலாம். ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. செட்டிங்ஸைக் குறைத்து வைத்தால் இந்த விளையாட்டுகள் நன்றாகவே ஓடும். கல்லூரி முதல் வருடம் கழிந்த பிறகு, பணம் சேர்ந்ததும் கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். ஆனால், இதில் ஒரு சின்ன விட்டுக்கொடுத்தல் உண்டு. 'ஜி' இல்லாத 5600-ல் கேஷ் நினைவகம் 32 எம்பி; 5600ஜி-யில் 16 எம்பிதான். பின்னாளில் நல்ல கார்டு போட்டாலும் 5600ஜி கொஞ்சம் பின்தங்கியே ஓடும். இன்றே கார்டு வாங்கப் போகிறவர்கள் 'ஜி'க்குப் போக வேண்டாம்.

"இல்ல, பெரிய கேம்ஸ்தான்" என்று பதில் வந்தால் தனி கார்டு கட்டாயம். இந்தக் கட்டுரையின் மீதிக் கணக்கு பெரும்பாலும் அவர்களுக்கானது.

('ஆன்லைன் கேமைத்தான் அரசாங்கம் தடை பண்ணிடுச்சே' என்று பாட்டி கேட்கக்கூடும். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. துப்பாக்கி, கார் பந்தயம், கால்பந்து வகையறா அதில் வராது. எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பதற்கு வீட்டுச் சட்டம்தான்.)

கிராபிக்ஸ் கார்டு: மூன்றில் ஒரு பங்குக்கு மேல்

60,000 ரூபாயில் 22,000 முதல் 25,000 வரை கார்டுக்கே போகட்டும். கடைக்காரர் ஐ5-ஐ ஐ7 ஆக்கச் சொல்வார். அதற்குக் கார்டில் கை வைப்பார். சம்மதிக்க வேண்டாம். விளையாட்டில் திரையில் தெரியும் வித்தியாசத்தை முதலில் தருவது கார்டுதான்.

8 ஜிபி நினைவகத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' இரண்டும் குறைந்தபட்சமாகக் கேட்பது ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். இரண்டுமே 8 ஜிபி கார்டுகள். ரே ட்ரேசிங் வசதி கார்டிலேயே இல்லாவிட்டால் இந்த விளையாட்டுகளைத் தொடங்கவே முடியாது. செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்ற பழைய தைரியம் இனி எல்லா இடத்திலும் செல்லாது.

2021-ல் வந்த ஆர்எக்ஸ் 6600 இன்னும் கிடைக்கும் கடைகளில், பட்ஜெட்காரர்களுக்கு அதுவே கௌரவமான தேர்வு. 132 வாட் மட்டும் இழுக்கும். ஒரே ஒரு 8 பின் வயர் போதும். அதற்கு மேல் கொஞ்சம் நீட்ட முடிந்தால் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5050, 5060 இருக்கின்றன. இன்டெலின் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி கிடைக்கும். ஆனால், போர்டில் 'ரீசைஸபிள் பார்' வசதி இருந்தே ஆக வேண்டும். பிராசஸர் பழசாக இருந்தால் அது சுணங்கும். பழைய கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கும் கார்டு அல்ல அது.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருப்பதுதான் இந்தத் துறையின் பெரிய தொல்லை. ஆர்டிஎக்ஸ் 3050 என்று கேட்டால் 8 ஜிபி கார்டும் வரும், 6 ஜிபி கார்டும் வரும். நினைவகம் மட்டும்தான் 2 ஜிபி குறைவு என்று நினைத்தால் தவறு. 8 ஜிபி கார்டில் 2,560 கோர். 6 ஜிபி கார்டில் 2,304. நினைவகத்துக்குப் போகும் பாதையும் குறுகல். பெட்டியில் பெரிய எழுத்தில் 3050 என்று மட்டும் இருக்கும். ஆர்எக்ஸ் 580-லும் இப்படித்தான். '2048எஸ்பி' என்று கூடவே இருந்தால் அது சீனச் சந்தைக்காக வந்த வகை. உள்ளே இருப்பது 570-ன் கோர் எண்ணிக்கை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்று யாராவது மலிவாகத் தந்தால், அதில் 4 ஜிபிதான் என்பதையும், போர்டோடு நான்கே பாதைகளில்தான் பேசும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா?

வாங்கலாம். பட்ஜெட் இறுக்கமாக இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. இதைவிட ஏமாறும் வழியும் இல்லை.

2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கிராபிக்ஸ் கார்டை வைத்து அந்தக் காசைத் தோண்டும் வேலை அன்றோடு முடிந்தது. இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் மொத்தமாகப் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றில் சில இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங் கார்டு என்றாலே குப்பை என்று சொல்ல முடியாது, சிப் பிழைத்துவிடும். தேய்ந்திருப்பது மின்விசிறியும், உள்ளே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டும், நினைவகத்தின் மேல் ஒட்டியிருக்கும் பேடும்தான்.

அதனால் சாலையோரத்தில் நின்று கவரைப் பிரித்துப் பார்த்து வாங்கும் பொருள் அல்ல இது. விற்பவர் வீட்டிலோ கடையிலோ அவர் கம்ப்யூட்டரில் செருகி அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். திரையில் புள்ளிகள், கோடுகள் வருகின்றனவா, மின்விசிறி கரகரக்கிறதா, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் கார்டின் உண்மையான ஜாதகம் வந்துவிடும். பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதுப் பெயர் சூட்டிய போலி என்விடியா கார்டுகளை 'ஃபேக்' என்று அதுவே எழுதிக் காட்டும். "டைம் இல்ல தம்பி, நம்பி எடுத்துட்டுப் போ" என்று விற்பவர் அவசரப்படுத்தினால், தம்பி நம்பாமல் திரும்பிவிடலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அலுவலகங்கள் கழித்துவிடும் டெல், ஹெச்பி கம்ப்யூட்டர்களில் எட்டாம் தலைமுறை ஐ5 உள்ளதாகப் பார்த்து எடுத்து, 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-ஐச் செருகுவது. மேலே திட்டிய அதே கார்டுதான்! 70 வாட் மட்டுமே இழுப்பதால் தனி மின் வயர் இல்லாமல் போர்டிலிருந்தே ஓடிவிடும். கம்பெனி கம்ப்யூட்டர்களில் கூடுதல் வயர் இருக்காது என்பதால் அந்த இடத்தில் இதுதான் பொருந்தும். ஒல்லியான கேபினெட்டாக இருந்தால் 'லோ புரொஃபைல்' கார்டு கேட்க வேண்டும். 60,000 புரட்ட முடியாத வீட்டுக்கு இது மரியாதையான தீர்வு. விண்டோஸ் 11-ம் முறைப்படி ஏறும்.

பிராசஸரும் போர்டும்

இரண்டும் சேர்த்து 14,000 முதல் 17,000 வரை. ரைசன் 5 5600, ஐ5-12400எஃப் இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். எது விலை குறைவோ அது. இன்னும் குறைக்க வேண்டுமென்றால் ஐ3-12100எஃப். கடைசியில் உள்ள 'எஃப்' எழுத்தைக் கவனியுங்கள்; உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால், அது திரும்பும்வரை திரை இருட்டுதான். செமஸ்டர் புராஜெக்ட்டும் அதே கம்ப்யூட்டரில்தான் என்றால், கொஞ்சம் அதிகம் கொடுத்து எஃப் இல்லாததை வாங்குவது வீண் செலவல்ல.

5600-க்கு ஏஎம்4 சாக்கெட் போர்டு வேண்டும். 2016-ல் வந்த சாக்கெட் அது. கடைசிக் காலத்தில் இருக்கிறது. 2022-ல் வந்த ஏஎம்5-க்கு எதிர்காலம் உண்டு. 2027-க்குப் பிறகும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஏஎம்5 வாங்குவதுதானே புத்திசாலித்தனம்? சாதாரணக் காலமாக இருந்தால் ஆமாம். இப்போது ரேம் குறுக்கே நிற்கிறது.

ரேம் விலை ஏன் இப்படி?

ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று எகிறியது. உலகத்துக்கு வேண்டிய ரேம் சிப்புகளில் மிகப் பெரும் பங்கைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தான். ஏஐ சர்வர்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் மூன்றும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2025 டிசம்பரில் மைக்ரான், 'க்ரூஷியல்' என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. பதில் சொல்லும் ஏஐக்கும் திருப்பூரில் ஒரு பையன் வாங்கும் 16 ஜிபி ரேமுக்கும் இப்படி ஒரு சம்பந்தம்.

டிடிஆர்4 விலையும் ஏறித்தான் இருக்கிறது. ஆனாலும், பழையதாக வாங்க ஆள் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலிருந்தும் எடுக்கலாம். ரேமில் தேயும் பாகம் எதுவும் இல்லை என்பதால் செகண்ட் ஹேண்டில் பயப்படாமல் வாங்கக்கூடிய பொருள்களில் இதுவும் ஒன்று. ஆகவே இந்த வருட பட்ஜெட்டுக்கு டிடிஆர்4-தான். இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறைக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றுக்கு வாங்கிய ரேம் மற்றதில் நுழையாது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும். கொட்டேஷனில் போர்டின் முழுப் பெயரை எழுதித் தரச் சொல்வது இதற்காகத்தான்.

8 ஜிபியில் இரண்டு எடுப்பதா, 16 ஜிபியில் ஒன்றா? இரண்டாக இருந்தால் இரு பாதைகளில் தகவல் போகும், வேகம் கூடும். கார்டு இல்லாமல் 5600ஜி வாங்குபவர்களுக்கு இரண்டு கட்டாயம். ஒன்றை மட்டும் போட்டால் விளையாட்டு திக்கித் திணறும். கார்டு உள்ளவர்கள் ஒரு 16-ஐப் போட்டு, விலை இறங்கும்போது இன்னொன்றைச் சேர்க்கலாம்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்விஎம்இ வகையில் 500 ஜிபி குறைந்தபட்சம். 1 டிபி கிடைத்தால் நிம்மதி. ஒரு பெரிய விளையாட்டே 100 ஜிபியைத் தாண்டுகிறது.

எஸ்எம்பிஎஸ்: கஞ்சத்தனம் காட்டக் கூடாத ஒரே வரி

கொட்டேஷனில் எல்லாரும் கடைசியாகப் பார்ப்பதும், கடைக்காரர் முதலில் கை வைப்பதும் இந்த வரிதான். கார்டுக்கு 500 ரூபாய் குறையச் சொன்னால் அவர் யோசிப்பார். எஸ்எம்பிஎஸ்ஸில் 3,000 ரூபாய் குறைத்துத் தர யோசிக்கவே மாட்டார்.

நம் வீட்டுச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி ஒவ்வொரு பாகத்துக்கும் ஊட்டுவது இதன் வேலை. மற்ற பாகம் எது பழுதானாலும் அது மட்டும்தான் போகும். மட்டமான எஸ்எம்பிஎஸ் வெடித்தால் போர்டு, கார்டு, எஸ்எஸ்டி என்று கூட இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகலாம். 60,000 ரூபாய் பெட்டியின் ஆயுள் 900 ரூபாய் டப்பாவின் கையில்.

'500 வாட்' என்று ஸ்டிக்கரில் எழுதுவதைத் தடுக்க முடியாது. பக்கவாட்டில் உள்ள சின்ன அட்டவணையைப் படிக்க வேண்டும். அதில் 12 வோல்ட் என்ற இடத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றால் 12 x 14 = 168 வாட். பிராசஸரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆர்எக்ஸ் 6600-க்கு மட்டுமே 132 வாட் வேண்டும்; 5600-க்கு 65 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். அந்த '500 வாட்' டப்பா இந்த இரண்டுக்கே போதாது. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 45 ஆம்பியர் என்று இருந்தால் 540 வாட். எழுதியதற்கும் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தக் கணக்கைக் கடையிலேயே செல்போனில் போட்டுப் பார்த்துவிடலாம். கடைக்காரர் முகம் மாறினால் பதில் கிடைத்துவிட்டது.

'80 பிளஸ்' முத்திரை இருக்க வேண்டும். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புச் சான்று அல்ல. ஆனாலும், அந்தச் சோதனைக்கு அனுப்பும் அளவுக்கு அக்கறை உள்ள தயாரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வருட வாரன்டி தரும் 80 பிளஸ் பிரான்ஸ், 550 வாட்: இந்தக் கம்ப்யூட்டருக்கு அது தாராளம். 4,000 ரூபாய் சுற்றி ஒதுக்குங்கள். 'கேபினெட்டோடு ஃப்ரீ' என்று தரும் எஸ்எம்பிஎஸ்ஸை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதோடு வீட்டு பிளக் பாயின்ட்டையும் பார்க்க வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று பல வீடுகளில் சொல்வார்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு உட்காரச் சொல்வதுதான் பல காலத் தீர்வு! அது கம்ப்யூட்டரின் குறை இல்லை. அந்த பிளக்கில் எர்த் இல்லை அல்லது மூன்றாவது பின் எங்கேயும் இணைக்கப்படவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உள்ள ஃபில்டர் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டியது. போக வழியில்லாததால் தகரத்தில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிசெய்த பிறகுதான் புதுப் பெட்டியை அங்கே செருக வேண்டும். மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டரைக் குப்பையில் போடுங்கள்.

கரன்ட் போய் வரும் ஊர் என்றால் யுபிஎஸ் வேண்டும். 600 விஏ யுபிஎஸ் என்பது சுமார் 360 வாட்தான் தாங்கும். இந்தக் கம்ப்யூட்டருக்கு அது போதும். விளையாட்டை சேமித்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், பின்னால் உள்ள சுவிட்ச்சை 'யுபிஎஸ்' பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறையும். பல வீடுகளில் தனி யுபிஎஸ்ஸே தேவைப்படாது.

கேபினெட்டில் கண்ணாடியும் விளக்கும் பையனின் ஆசை. இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் சல்லடை போல வலை இருக்க வேண்டும். மே மாதத்தில் அறையே 36 டிகிரி இருக்கும் ஊரில், முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த பெட்டி என்பது மூடி போட்ட குக்கர். கம்ப்யூட்டர் டேபிளில் சிபியு வைக்க என்றே கதவு போட்ட ஒரு அறை இருக்குமே, அதற்குள்ளும் வைக்கக் கூடாது. அம்மா தைத்த துணி உறையை அணைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர்கள் முதல் கடையிலேயே வாங்கிவிடக் கூடாது என்பது ஊரறிந்த விஷயம். பாகம் பாகமாக, மாடல் எண்ணோடு நான்கு கடைகளில் எழுதி வாங்கி, ஆன்லைன் விலையோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'கிராபிக்ஸ் 8 ஜிபி' என்று எழுதிக் கொடுத்தால் ஒப்பிட முடியாது.

பேரம் முடியும் தறுவாயில் ஒரு கேள்வி வரும். "பில் வேணுமா சார்? பில் இல்லாம போட்டா கம்மி பண்ணலாம்." இந்தப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவிகிதம். 22,000 ரூபாய் கார்டில் வரி மட்டும் சுமார் 3,350 ரூபாய். ஆசை வரத்தான் செய்யும். ஆனால், கார்டுக்கு மூன்று வருட வாரன்டி என்பது அந்த பில்லில்தான் இருக்கிறது. இரண்டாவது வருடம் திரை கறுத்துப்போனால், 3,350 ரூபாய் மிச்சம் பிடித்தவர் 22,000 ரூபாய்க்கு இன்னொன்று வாங்க வேண்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும். 'ட்ரே பிராசஸர்' என்று மலிவாகத் தந்தால் அதில் பெட்டியும் கூலரும் வராது. கம்பெனியின் நேரடி வாரன்டியும் பெரும்பாலும் இருக்காது. கூலர் தனியாக வாங்கினால் விலை சமமாகிவிடும்.

விண்டோஸை அவர்களே போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். கிராக் செய்ததாக இருந்தால் வேண்டாம். அப்பாவின் நெட் பேங்கிங்கும் அதே கம்ப்யூட்டரில்தான் திறக்கப்படும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, பென்டிரைவில் ஏற்றி நிறுவலாம். லைசென்ஸ் வாங்கும்வரை மூலையில் ஒரு எழுத்து நிற்கும், அவ்வளவுதான். லைசென்ஸ் செலவு இந்த 60,000-ல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாட்டும் வேலையைப் பையனிடமே விடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிராசஸரின் ஒரு மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தை சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாக உட்காரும். அழுத்தினால் பின் வளையும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேமையும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் செருக வேண்டும். பிராசஸருக்கான 8 பின் வயரும் கார்டுக்கான 8 பின் வயரும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதை பலவந்தமாகத் திணித்தால் புகைதான். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் வயர்களைப் புதியதில் மாட்டுவதும் அதே ஆபத்து; சுவர்ப் பக்க வயர் பொதுவானது, உள்பக்க வயர் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு.

முதல் நாள் போன் வருவது பெரும்பாலும் ஒரே புகாரோடு: "கார்டு போட்டும் ஸ்லோவா இருக்கு." மானிட்டர் வயரை கார்டில் செருகாமல் மேலே போர்டில் செருகியிருப்பார்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் டிஸ்பிளே செட்டிங்ஸில் போய் 144 என்று மாற்றாமல் 60-லேயே மாதக்கணக்கில் விளையாடுவதும் உண்டு. ரேமுக்கும் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ஒன்றை ஆன் செய்ய வேண்டும். இல்லையென்றால் 3200 என்று காசு கொடுத்து வாங்கியது அதற்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அட்டைப் பெட்டிகளை அம்மா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் அவற்றில்தான் இருக்கிறது. கடை பில் மெழுகுத்தாள் போன்ற காகிதத்தில் அச்சானதாக இருந்தால் வருடம் திரும்புவதற்குள் எழுத்து வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, அப்பா அம்மா இருவர் போனிலும் போட்டுவைக்க வேண்டும்.